ஷட்டில்காக்கை விரட்டுவது கையா, விரலா? பேட்மிண்டன் பிடி பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள்

ராக்கெட்டை ஃபோர்ஹேண்ட் பிடியில் பிடித்து, அடிக்கத் தயாராக நில்லுங்கள். எதிரில் ஒருவரை நிறுத்தி, ராக்கெட்டின் தலையைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். லேசாகத் தயங்கிவிட்டு உங்கள் கையிலிருந்து உருவிக்கொண்டு வந்தால் பிடி சரியாக இருக்கிறது. இழுக்கிறவரோடு உங்கள் கையும் தோளும் சேர்ந்தே போனால், கிளியர் (எதிராளியின் பின்கோடுவரை உயரமாக அடிப்பது) பாதிக் கோர்ட்டிலேயே விழுவதற்கும் ஸ்மாஷ் (மேலிருந்து கீழே வேகமாக அடிப்பது) சப்பென்று போவதற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது.

எந்த மாலைநேரக் கோர்ட்டிலும் இதைப் பார்க்கலாம். தினமும் எடை தூக்குகிற ஆள் ஒருவர் பின்கோட்டிலிருந்து பின்கோட்டுக்கு ஷட்டில்காக்கை (சுருக்கமாகக் காக்) தள்ள முடியாமல் திணறுவார். பக்கத்துக் கோர்ட்டில் ஒல்லியாக ஒரு பள்ளி மாணவி அதே தூரத்தை அலட்டிக்கொள்ளாமல் அடித்துக்கொண்டிருப்பாள். பலத்தில் அவர் ஒன்றும் குறைந்தவர் இல்லை. அடிக்கும் முன் அவர் கை ஏற்கெனவே இறுகிவிட்டது, அவள் கை இன்னும் இறுகவில்லை, அவ்வளவுதான்.

விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து வரும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குப் போகின்றன. முஷ்டியை இறுக்கினால் மணிக்கட்டும் சேர்ந்து விறைக்கும். சோதித்துப் பார்க்க ராக்கெட்கூட வேண்டாம். முஷ்டியை முழு பலத்தோடு மூடிக்கொண்டு முன்கையை உள்ளும் வெளியுமாக வேகமாகப் புரட்டுங்கள். பிறகு விரல்களைத் தளர்த்திவிட்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது தடவை எவ்வளவு சுலபமாகச் சுழல்கிறது என்பது உடனே தெரியும். பேட்மிண்டனில் வேகம் பெரிதும் பிறப்பது அந்தப் புரட்டலில். மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கினால்தான் வேகம் வரும் என்று இன்றைக்கும் பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை.

விரல்கள் செய்வது இரண்டு வேலை. கடைசிக் கணம்வரை தளர்ந்திருந்து முன்கையைச் சுதந்திரமாகப் புரளவிடுவது ஒன்று. அந்தக் கடைசிக் கணத்தில் மூடி, ராக்கெட்டை இன்னும் கொஞ்சம் முடுக்கிவிடுவது மற்றொன்று. இரண்டாவது வேலையின் கணக்கு சுவையானது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கைப்பிடியைப் பற்றும் இடம் ஒரு அச்சு. அதிலிருந்து சுண்டு விரல் இருக்கும் இடத்துக்கு 7 அல்லது 8 செ.மீ. இருக்கும். அதே அச்சிலிருந்து நரம்புப் பரப்பின் நடுவுக்கு சுமார் 45 செ.மீ. தளர்ந்திருந்த கடைசி மூன்று விரல்கள் மூடும்போது கைப்பிடியின் அடி உள்ளங்கைப் பக்கம் 3 செ.மீ. நகர்ந்தால், மேலே ராக்கெட்டின் தலை 15 செ.மீ.க்கும் மேல் பாய்கிறது. இதற்குத் தோளும் அசைய வேண்டியதில்லை, முழங்கையும் அசைய வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே இறுக்கிப் பிடித்திருப்பவருக்கு மூட விரலே மிச்சமில்லை, அந்த 15 செ.மீ.யும் கிடையாது.

பிடி

கைப்பிடிக்கு எட்டுப் பட்டைகள். நரம்புப் பரப்புக்கு இணையாக இருக்கும் இரண்டும் அகலமானவை. ஃபிரேமின் விளிம்போடு நேர்கோட்டில் இருக்கும் இரண்டும் குறுகலானவை. மீதி நான்கும் சாய்வுப் பட்டைகள். ராக்கெட்டின் முகம் தரைக்குச் செங்குத்தாக இருக்கும்படி இடது கையால் கழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையைக் கைகுலுக்கக் கொடுப்பது மாதிரி கொண்டுவந்து பற்றுங்கள். இதுதான் ஃபோர்ஹேண்ட் பிடி. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருவாகும் வி வடிவத்தின் முனை, மேலே இருக்கும் குறுகிய பட்டைக்கும் அதற்கு இடப்புறச் சாய்வுப் பட்டைக்கும் இடையிலுள்ள விளிம்பில் உட்கார வேண்டும். இடக்கைக்காரர்களுக்கு இது வலப்புறம்.

வி சரியாக உட்கார்ந்தால் மட்டும் போதாது. கைப்பிடிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு பேனா நுழையும் அளவு காலியிடம் இருக்க வேண்டும். ராக்கெட் விரல்களில் கிடக்கிறது, உள்ளங்கையில் புதையவில்லை. ஆள்காட்டி விரல் நடுவிரலோடு ஒட்டாமல் ஒரு விரல் அகலம் மேலே தள்ளி, லேசாக வளைந்து இருக்கட்டும். அதை ஷாஃப்டை (கைப்பிடிக்கு மேலுள்ள தண்டை) நோக்கி நேராக நீட்டிவிடுகிறவர்கள் உண்டு. குறி பார்த்து அடிக்கிற உணர்வு வரும், ஆனால் அந்த விரலால் இனி எதையும் அழுத்த முடியாது.

பழக்கம் இல்லாதவர்கள் தாமாகவே போய்ச் சேரும் பிடி பேன்ஹேண்டில் பிடி, அதாவது ராக்கெட்டின் முகம் நேராக நெட்டைப் பார்க்கும்படி பிடிப்பது. நெட்டுக்குப் பக்கத்தில் காக்கைக் கீழே அமுக்க அது நல்லதுதான். பின்கோட்டில் அதை வைத்து ஆடினால் முன்கை புரள வழியே இல்லை, மணிக்கட்டை மடக்கித்தான் அடிக்க முடியும். முகம் முதலிலேயே நெட்டைப் பார்த்துவிட்டதே, புரட்டினால் காக் பக்கத்துக் கோர்ட்டுக்குப் போகும். விரல் பயிற்சி எத்தனை செய்தாலும் இந்தப் பிடி மாறாதவரை பயன் இருக்காது. பூப்பந்து (கம்பளிப் பந்தில் ஆடும் பால் பேட்மிண்டன்) ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு வேறு மாதிரி ஒரு சிக்கல். பூப்பந்து மட்டை பேட்மிண்டன் ராக்கெட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். அதைத் தாங்கிப் பழகிய கை, 80 முதல் 84 கிராம் எடையுள்ள 4யூ ராக்கெட்டையும் அதே இறுக்கத்தோடு பிடிக்கும்.

கைப்பிடியின் பருமனும் வியர்வையும்

இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஆனால் கோச் எத்தனை தடவை ‘லூசா பிடி’ என்று கத்தினாலும் கை கேட்காததற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

யோனெக்ஸ் ராக்கெட்டுகளில் ஜி4, ஜி5 என்று போட்டிருப்பது கைப்பிடியின் சுற்றளவு. எண் கூடினால் பருமன் குறையும். எல்லாக் கம்பெனியும் இதே முறையில் எண் போடுவதில்லை, அதனால் கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே நல்லது. விரல்களை முழுக்க மூடும்போது மோதிர விரலின் நுனிக்கும் கட்டை விரலின் அடிமேட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி மிஞ்ச வேண்டும். நுனி போய் மேட்டில் குத்தினால் கைப்பிடி மெலிது. அது கைக்குள் உருளும், உருளாமல் இருக்க நீங்கள் இறுக்குவீர்கள். இடைவெளி ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் கைப்பிடி தடிமன், விரல் மூட இடமே இருக்காது.

பொதுவாக மெலிதாக வாங்கி, கிரிப் சுற்றி அளவைக் கூட்டிக்கொள்வது எளிது. தடித்ததை மெலிதாக்குவது கடினம். ராக்கெட்டோடு வரும் கிரிப்பின் மேலேயே ஓவர்கிரிப் சுற்றி, அதன் மேல் இன்னொன்றும் சுற்றி, கடைசியில் எட்டுப் பட்டையும் மறைந்து உருண்டைக் கட்டையாகிப் போன கைப்பிடிகளைத் தாராளமாகப் பார்க்கலாம். பட்டையின் விளிம்பு விரலுக்குத் தெரியாவிட்டால் ஃபோர்ஹேண்டிலிருந்து பேக்ஹேண்டுக்கு (புறங்கைப் பக்கத்தால் அடிக்கும் பிடிக்கு) பார்க்காமல் மாற முடியாது. கம்பெனி கிரிப்பை உரித்துவிட்டு, மரத்தின் மேல் மெல்லிய குஷன் ஒரு சுற்று, அதன் மேல் 0.6 மி.மீ. ஓவர்கிரிப் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.

அடுத்தது வியர்வை. சென்னை மாதிரிப் புழுக்கமான ஊரில், மே மாதம், ஏ.சி. இல்லாத உள்ளரங்கில் இரண்டாவது கேம் நடக்கும்போது ஓவர்கிரிப் சோப்புப் போட்டதுபோல் ஆகிவிடும். வழுக்குகிற கைப்பிடியை எந்தக் கையும் தளர்வாகப் பிடிக்காது. கிரிப்பின் மேற்பரப்பு பளபளக்க ஆரம்பித்தாலே மாற்றிவிடுங்கள், கிழியும்வரை காத்திருக்க வேண்டாம். கை அதிகம் வியர்க்கிறவர்களுக்கு டவல் கிரிப் நல்லது. ஆனால் அது தடிமன், அதனால் அடியில் இருக்கும் குஷனை எடுத்துவிட வேண்டியிருக்கும்.

எப்போது மூடுவது

இறுக்கத்தை 10 புள்ளிகளாக வைத்துக்கொண்டால், காத்திருக்கும்போது 2 அல்லது 3. ராக்கெட் பின்னால் போகும்போதும் அதே அளவுதான். அடிபடும் கணத்தில் 7 அல்லது 8. அடுத்த நொடியே மறுபடி 3. பத்துக்குப் பத்து எப்போதும் வேண்டாம்.

காக் நரம்பில் பட்டு விலகும் நேரம் கண்ணிமைப்பதைவிட எவ்வளவோ குறைவு. பட்ட பிறகு இறுக்கலாம் என்று நினைத்தால் அதற்குள் காக் போயிருக்கும். அதனால் ராக்கெட்டின் தலை காதைத் தாண்டி மேலே வரும்போதே விரல்கள் மூட ஆரம்பிக்க வேண்டும், படும்போது மூடி முடித்திருக்க வேண்டும். ஃபோர்ஹேண்டில் நடு, மோதிர, சுண்டு விரல்கள் மூன்றும் கைப்பிடியின் அடியை உள்ளங்கைக்குள் இழுக்கின்றன. ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி பின்னாலிருந்து முன்னால் தள்ளுகிறது. கட்டை விரல் வெறும் தாங்கல். பேக்ஹேண்டில் வேலை மாறிக்கொள்கிறது: கட்டை விரல் தள்ளும், மற்ற விரல்கள் மூடும், முன்கை வெளிப்பக்கம் புரளும்.

நேரம் தவறினால் காக்கே சொல்லிவிடும். சீக்கிரம் மூடினால் அடியில் கூர்மை இருக்காது, சத்தம் மந்தமாக வரும், ஸ்மாஷ் அடிக்கடி நெட்டின் மேல் நாடாவில் முட்டும். தாமதமாக மூடினால் ராக்கெட் கைக்குள் லேசாகத் திரும்பி, காக் நினைத்த கோட்டைவிட்டு விலகும். மூடிய பிறகு தளர்த்த மறப்பது மூன்றாவது தவறு. இதன் விளைவு அந்த அடியில் தெரியாது. அதற்கு அடுத்த அடியில், குறிப்பாக டபுள்ஸில் டிரைவ் (நெட்டை ஒட்டித் தட்டையாகப் போகும் அடி) திரும்பி வரும்போது, கை எழவே எழாது.

செல்போனில் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் படமெடுக்கச் சொல்லுங்கள். ராக்கெட் முதுகுக்குப் பின்னால் தொங்கும் கட்டத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். கடைசி இரண்டு விரல்கள் லேசாகத் திறந்திருக்க வேண்டும். விரல் முட்டிகள் புடைத்து நின்றால் விடை கிடைத்துவிட்டது.

எந்த அடிக்கு எவ்வளவு

விரல் பலம் என்றாலே எல்லோரும் கேட்பது ஸ்மாஷைப் பற்றி. உண்மையில் ஸ்மாஷில் விரலின் பங்கு கடைசித் துளி மட்டும். கால் தள்ளி, இடுப்பு திரும்பி, மேற்கை உள்நோக்கிச் சுழன்று, முன்கை புரண்ட பிறகுதான் விரலின் முறை வருகிறது. 2023 ஏப்ரலில் ஜப்பானின் சைதாமாவில் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று கின்னஸ் பதிவு செய்தது. அதற்கு முன் மலேசியாவின் டான் பூன் ஹியோங் 2013இல் அடித்த 493 கி.மீ. சாதனையாக இருந்தது. இரண்டுமே ஆட்டத்துக்கு வெளியே, சோதனைக்காக அளந்தவை. ராக்கெட்டைவிட்டுக் கிளம்பும் கணத்து வேகம் அது. அப்படிப்பட்ட வேகத்துக்கு முழு உடலும் வேலை செய்ய வேண்டும்.

விரல் கதாநாயகனாக இருப்பது வீச இடமில்லாத அடிகளில். நெட் கில்லை, அதாவது நெட்டுக்குப் பக்கத்தில் காக்கைக் கீழே அமுக்கும் அடியை, எடுத்துக்கொள்ளுங்கள். காக் நாடாவுக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் வருகிறது. ராக்கெட்டை வீசினால் அது நெட்டில் பட்டு ஃபால்ட். கேரம் காயைச் சுண்டுவது மாதிரி, விரலை மூடி அங்கேயே நிறுத்த வேண்டும். ராக்கெட்டின் தலை போகும் தூரம் 15 செ.மீ. அளவிலேயே முடிந்துவிடும். முன்சொன்ன கணக்கு இங்கே அப்படியே பொருந்தும். இந்தோனேசியாவின் கெவின் சஞ்சயா சுகமுல்ஜோ டபுள்ஸில் நெட் அருகே ஆடிய பழைய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவர் உயரமானவர் அல்ல. கையை எவ்வளவு குறைவாக அசைக்கிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

டிரைவிலும் ஸ்மாஷைத் தடுப்பதிலும் பிடியை 2, 3 செ.மீ. மேலே ஏற்றிக்கொள்ளுங்கள். ராக்கெட் லேசாகத் தோன்றும், திரும்பும் நேரம் குறையும், அடி போகும் தூரம் கொஞ்சம் குறையும். முழங்கை உடம்புக்கு முன்னால் இருக்கட்டும். விலாவோடு ஒட்டியிருந்தால் விரல் மூடினாலும் காக் மேலேதான் எழும்பும்.

பேக்ஹேண்ட் சர்வீஸில் ஃபிளிக் (எதிராளியின் தலைக்கு மேலே பின்னால் போகும்படி சுண்டுவது) இன்னொன்று. சாதாரணக் குறுகிய சர்வீஸையும் ஃபிளிக்கையும் ஒரே மாதிரி தொடங்க வேண்டும். கடைசியில் கட்டை விரல் தள்ளுகிற தள்ளலில் மட்டும் வித்தியாசம். முழங்கை எழுந்தால் எதிரில் நிற்பவர் அப்போதே பின்வாங்கிவிடுவார். கட்டை விரல் ஆரம்பத்திலேயே அழுத்திக்கொண்டிருந்தால் கடைசியில் தள்ள ஒன்றும் மிஞ்சாது. அதனால் விரல் நுனி பட்டையைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும்.

பின்கோட்டு பேக்ஹேண்ட் கிளியர்தான் பலருக்கும் எட்டாக்கனி. இதில் பெரிய குழப்பம் கட்டை விரலை எங்கே வைப்பது என்பது. காக் உடம்புக்கு முன்னால் இருந்தால், அகலப் பட்டையில் கட்டை விரலைத் தட்டையாக வைப்பது சரி. காக் உடம்பைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் அதே பிடி மணிக்கட்டைப் பூட்டிவிடும். அப்போது கட்டை விரலைச் சாய்வுப் பட்டைக்கு, இன்னும் பின்னால் போனால் குறுகிய பட்டைக்கு நகர்த்த வேண்டும். தள்ளுவது குறைந்து, விரல்கள் மூடுவதும் முன்கை புரள்வதும் கூடும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டவுஃபிக் ஹிதாயத்தின் பேக்ஹேண்ட் ஸ்மாஷைப் பார்த்துப் பழக விரும்புகிறவர்கள், முதலில் அவர் அடித்த பிறகு ராக்கெட் எவ்வளவு சீக்கிரம் நின்றுவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பெரிய வீச்சாக இழுத்துக்கொண்டு போவதில்லை.

பழகும் முறை

மேசை விளிம்பில் முன்கையைக் கிடத்தி, கை மட்டும் வெளியே நீட்டியிருக்கட்டும். ராக்கெட்டைத் தளர்வாகப் பிடித்துத் தலையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டை அசைக்காமல், விரல்களை மூடியே தலையை எழுப்புங்கள். ஒரு சுற்றுக்கு 15, மூன்று சுற்று. ஃபோர்ஹேண்ட் முடிந்ததும் கையைத் திருப்பி, கட்டை விரலால் அதே அளவு. முதல் சில நாட்கள் சுண்டு விரல் ஒத்துழைக்காது, மோதிர விரலே எல்லாவற்றையும் செய்யப் பார்க்கும்.

பிடி மாற்றத்தை டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம். இடது கை உதவாமல், கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கைப்பிடியை உருட்டி ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என்று மாற்றுங்கள். கீழே பார்க்கக் கூடாது. இறுக்கிப் பிடிக்கும் கையால் இதைச் செய்யவே முடியாது என்பதால், தளர்வைத் தானாகவே கற்றுத்தரும் பயிற்சி இது.

இவற்றில் எதையாவது ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் சுவர்ப் பயிற்சியைச் செய்யுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, பழைய நைலான் காக்கை மார்பு உயரத்தில் விடாமல் அடிக்க வேண்டும். தூரம் குறைவாக இருப்பதால் காக் உடனே திரும்பிவிடும், வீசி அடிக்க நேரமே கிடைக்காது. வீசினால் இரண்டாவது அடியிலேயே தவறவிடுவீர்கள். 20 தொடர்ந்து வந்த பிறகு ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் மாறி மாறி. பயிற்சி முடிகிறபோது முன்கை லேசாகச் சூடேறியிருக்கலாம். கல்லாக இறுகியிருந்தால் அடிகளுக்கு நடுவில் நீங்கள் தளர்த்தவே இல்லை.

கோர்ட்டில் செய்ய ஒன்று: ராக்கெட்டை முன்கூட்டியே தோளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு, பின்னிழுப்பே இல்லாமல் கிளியர் அடிப்பது. துணைக்கு ஒருவர் உயரமாக லிஃப்ட் (கீழிருந்து மேலே தூக்கி அடிப்பது) தர வேண்டும். கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். குட்டி வீச்சில் அந்தப் பக்கத்து டபுள்ஸ் சர்வீஸ் பின்கோட்டைத் தொட முடிந்தால் விரல்கள் வேலை செய்கின்றன. இந்தச் சோதனைக்கு இறகு உடையாத காக் வேண்டும். இறகு உடைந்த காக்கையும், ஊர் வெப்பத்துக்குப் பொருந்தாத வேக எண்ணையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வெப்பமான ஊருக்கு 75, 76 போன்ற மெதுவான எண்களே ஏற்றவை.

ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி நாளெல்லாம் அமுக்குவதில் பெரிய பயன் இல்லை. அது இறுக்கும் பழக்கத்தையே வளர்க்கிறது. அதற்குப் பதிலாக ஐந்து விரல்களையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, விரித்து விரித்து மூடுங்கள். திறக்கும் தசைகளும் வலுவாக வேண்டுமே.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் நிறுத்திவிடுங்கள். டென்னிஸ் எல்போ என்கிற இந்த வலி, இடைவிடாமல் இறுக்கிப் பிடிப்பதாலும், மெலிந்த கைப்பிடியாலும், கை தாங்காத அளவுக்கு முறுக்கேற்றிக் கட்டிய நரம்பாலும் வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறவருக்கு நரம்பின் இறுக்கம் 22 முதல் 24 பவுண்டு போதும். 28 பவுண்டு போட்டால் நடுவில் சரியாகப் பட்டால்தான் காக் போகும், விலகிப் பட்டால் அந்த அதிர்வு கைக்கு வரும். வலி இருக்கும்போது 2 பவுண்டு குறைத்து, கிரிப்பை ஒரு சுற்று கூட்டி, சில வாரம் ஓய்வு கொடுங்கள். குறையவில்லை என்றால் பிசியோவிடம் போங்கள். கட்டை விரலின் அடிமூட்டு வலிப்பது பேக்ஹேண்டில் விரலை விறைப்பாக நேரே வைத்து அழுத்துகிறவர்களுக்கு. அந்த விரல் லேசாக வளைந்திருக்க வேண்டும்.

பயிற்சியில் வருவது மேட்சில் வராமல் போவது சகஜம். ஸ்கோர் 19-19 ஆனவுடன் எல்லோர் கையும் இறுகும். புள்ளி முடிந்ததும் ராக்கெட்டை மறு கைக்கு மாற்றி, ஆடும் கையின் விரல்களை ஒரு முறை முழுக்க விரித்துவிட்டு, பிறகு கடைசி மூன்று விரல்களைத் திறந்த நிலையிலேயே ராக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எதிராளியின் சர்வீஸை எடுக்க நிற்கும்போது ராக்கெட்டின் தலையை இரண்டு மூன்று தடவை விரலாலேயே ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். கையை உயர்த்தி ஒரு நொடி கேட்டுக்கொள்ளலாம், ஆட்டத்தை வேண்டுமென்று இழுக்காதவரை.